சந்தாவும் மன்னிப்புக் கடிதமும்

2003 ஜூலை மாதக் கடைசியில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார்கள். வேலைநிறுத்தம் செய்ததற்கு நிபந்தனையற்ற மன்னிப்பு, இனிமேல் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 22ஆம் விதிக்குக் கட்டுப்பட்டு நடப்பேன் என்ற உறுதிமொழி, கீழே கையெழுத்து. வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் விதி அது. எழுதிக் கொடுத்தவர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அப்படித் திரும்பியவர்கள் லட்சத்துக்கும் மேல்.

பொதுத்துறைத் தொழிற்சங்கங்களைப் பற்றி இன்று உலகில் நடக்கும் விவாதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடிதம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த விவாதம் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுழல்கிறது: அரசு வேலையில் இருக்கும் ஒருவரைச் சங்கத்தில் சேரும்படியோ சந்தா கட்டும்படியோ கட்டாயப்படுத்தலாமா? நியாயமான கேள்விதான். ஆனால் நம் பக்கத்து வரலாற்றில் கட்டாயம் பெரும்பாலும் எதிர்த் திசையில்தான் வந்திருக்கிறது. சங்கத்தில் சேர் என்று யாரும் சட்டம் போடவில்லை. விலகு, எழுதிக் கொடு, இனி செய்யமாட்டேன் என்று சொல் என்பதற்குத்தான் சட்டமும் விதியும் போலீசும் வந்தன. பெண்களுக்கு இன்னொரு படி கூடுதல்: சேருவதா விலகுவதா என்று கேட்பதற்கு முன்பே, நீ தொழிலாளிதானா என்ற கேள்வி.

நான் இதை எழுதும் நூம்பலில் இருந்தே தொடங்கலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியை ஒட்டிய ஊர். காலை ஏழு மணிக்குச் சாலையில் நின்றால் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வண்டிகள் ஒரு பக்கம், ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் போகும் கூட்டம் இன்னொரு பக்கம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பொதுப்பணத்தில் பொதுமக்களுக்காக வேலை செய்யும் பெண்கள் நான்கு விதமாக இருக்கிறார்கள். அரசுப் பள்ளி ஆசிரியை. அங்கன்வாடிப் பணியாளர். குப்பை வண்டி தள்ளும் தூய்மைப் பணியாளர். ஆவடிப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர். வெளியிலிருந்து பார்த்தால் நால்வருமே 'கவர்மென்ட் வேலை'. சங்கம் என்ற சொல்லுக்கு நால்வருக்கும் நான்கு பொருள்.

ஆசிரியையின் கதையை முதலில் சொல்கிறேன். 2003இல் அவர்தான் தெருவுக்கு வந்தார்.

ஓய்வூதியம் உள்ளிட்ட சலுகைகளை அரசு வெட்டியதை எதிர்த்து ஜாக்டோ-ஜியோ, கோட்டா-ஜியோ கூட்டமைப்புகள் ஜூலை 2ஆம் தேதி வேலைநிறுத்தத்தைத் தொடங்கின. முதலமைச்சர் ஜெயலலிதா. 2002இல் கொண்டுவந்த அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், 'டெஸ்மா', கையில் இருந்தது. போதாதென்று ஓர் அவசரச் சட்டத்தால் அதைத் திருத்தி, விசாரணை இல்லாமலே வேலையை விட்டு நீக்கும் அதிகாரத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. சில நாட்களுக்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். சுதந்திர இந்தியாவில் ஒரு மாநில அரசு தன் ஊழியர்களை ஒரே வீச்சில் இத்தனை பேராக நீக்கியதற்கு வேறு உதாரணம் சொல்வது கடினம்.

வழக்கு உயர்நீதிமன்றம் வழியாக உச்சநீதிமன்றத்துக்குப் போனது. மன்னிப்பும் உறுதிமொழியும் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று அரசு அங்கே ஒப்புக்கொண்டது. கைதானவர்களுக்கும் வழக்குப் பதிவானவர்களுக்கும் அந்தச் சலுகை இல்லை; ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தலைவிதியை ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதிகள் மூவர் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 6ஆம் தேதி நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் அமர்வு கொடுத்த ரங்கராஜன் வழக்குத் தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது அது. தார்மீகம் வரைக்கும் ஒரு நீதிமன்றம் போனது அப்போதே பலரையும் வியக்க வைத்தது.

நீக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இல்லை. ஆனால் 1989இலேயே அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு வந்துவிட்ட மாநிலம் இது. தொடக்கப்பள்ளி என்றாலே டீச்சர் என்று பெண்ணை நினைக்கும் ஊர்கள் நம்முடையவை. அந்த மன்னிப்புக் கடிதம் ஒரு டீச்சர் வீட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "உனக்கெதுக்கு இந்த வேலை" என்று மாமியாரோ கணவரோ சொல்லியிருக்கலாம். "எழுதிக் கொடுத்துட்டு வா, வீட்டுக் கடன் இருக்கு" என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் ஒரே வீட்டில் ஒரே வாயிலிருந்து வந்திருக்கலாம். பெண்ணின் சம்பளம் குடும்பத்துக்கு இன்றியமையாதது. அந்தச் சம்பளத்தைக் காக்கும் போராட்டம் மட்டும் அவள் பிடிவாதம். அரசு கேட்ட கையெழுத்தை வீடும் சேர்ந்து வாங்கியது.

இதில் ஒரு முரணைச் சொல்லாமல் விட முடியாது. உத்தரவிட்டவர் ஒரு பெண். பெண் ஆட்சிக்கு வந்தால் பெண்ணுக்கு நல்லது என்ற எளிய கணக்கு 2003இல் பொய்த்துப்போனது. 2004 மக்களவைத் தேர்தலில் அவரது கூட்டணி தமிழ்நாட்டில் ஓரிடமும் பெறாமல் தோற்றபின், ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளை அவரே விலக்கிக்கொண்டார். நீதிமன்றம் இல்லை என்று சொன்ன நியாயத்தை வாக்குச்சாவடி கொடுத்தது. ஆனாலும் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்பது மாறவில்லை. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ மீண்டும் தெருவுக்கு வந்தது அதற்காகத்தான்.

கையெழுத்து கேட்கும் பழக்கம் 2003இல் தொடங்கியதல்ல. பொன்மலையின் கதையை நம் மாணவிகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். திருச்சிப் பொன்மலை ரயில்வே பணிமனை, தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் இயக்கத்தின் கோட்டை. 1946 செப்டம்பர் 5இல் அங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. பிற்காலத்தில் ஜனநாயக மாதர் இயக்கத்தைத் தமிழ்நாட்டில் கட்டிய பாப்பா உமாநாத் வளர்ந்தது அந்தத் தொழிலாளர் குடியிருப்பில்தான். அவருடைய தாயார் ரயில்வே தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டுக் குடும்பத்தை நடத்தியவர். இருவருமே ரயில்வே ஊழியர்கள் அல்ல. எந்தப் பதிவேட்டின்படியும் அவர்கள் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களாக ஆகியிருக்க முடியாது. ஆனால் தலைமறைவில் இருந்தவர்களுக்குச் சோறும் செய்தியும் போனது அப்படிப்பட்ட பெண்களின் கை வழியாகத்தான். 1950இல் தாயும் மகளும் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். தாயார் சிறையிலேயே இறந்தார். கட்சியை விட்டு விலகுவதாகச் சொன்னால் உடலைப் பார்க்க விடுகிறோம் என்றார்கள் அதிகாரிகள். பாப்பா மறுத்தார், தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கே கேட்கப்பட்டது கட்சியிலிருந்து விலகல், சங்கத்திலிருந்து அல்ல. அந்த வேறுபாட்டை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒரு பெண்ணிடம் உறவைக் காட்டி அரசியலைக் கைவிடச் சொல்லும் முறை 1950க்கும் 2003க்கும் பொதுவானது.

இனி, கட்டாயச் சந்தா விவாதத்துக்கு வருவோம். அது கூர்மையாக நடந்த இடம் அமெரிக்கா. அங்கே ஒரு பணியிடத்தில் பெரும்பான்மை பெற்ற சங்கம் உறுப்பினர் அல்லாதவருக்கும் சேர்த்தே பேசியாக வேண்டும். ஊதிய உயர்வு எல்லோருக்கும் வரும். செலவை மட்டும் உறுப்பினர் ஏற்பதா? டெட்ராய்ட் நகர ஆசிரியர்கள் சிலர் தொடுத்த அபூட் வழக்கில் 1977இல் உச்சநீதிமன்றம் ஒரு நடுவழி சொன்னது: உறுப்பினராகச் சேரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, சங்கத்தின் அரசியல் செலவுக்கும் பணம் கேட்கக் கூடாது, பேச்சுவார்த்தைச் செலவில் பங்கு மட்டும் வாங்கலாம். நாற்பது ஆண்டு நின்ற அந்த ஏற்பாட்டை 2018 ஜூனில் ஜானஸ் வழக்கு உடைத்தது. இல்லினாய் மாநில ஊழியர் மார்க் ஜானஸ் மாதம் சுமார் 45 டாலர் கட்டிக்கொண்டிருந்தார். அரசோடு ஊதியம் பேசுவதே அரசியல்தான், தனக்கு உடன்பாடில்லாத பேச்சுக்கு ஒருவரைப் பணம் கொடுக்க வைப்பது பேச்சுரிமைக்கு விரோதம் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

இதைத் தனிமனிதச் சுதந்திரத்தின் வெற்றி என்று கொண்டாடியவர்கள் உண்டு. ஆனால் அந்த வரிசையில் அதற்கு முன் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைப் பெண்கள் கவனிக்க வேண்டும். 2011இல் விஸ்கான்சின் மாநிலம் அரசு ஊழியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையைப் பெரும்பாலும் பறித்தது. போலீசாருக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் விலக்கு. ஆண்கள் நிறைந்த வேலைகள் தப்பின. ஆசிரியைகளும் செவிலியரும் மாட்டினர். 2014இல் ஹாரிஸ் வழக்கு. பமீலா ஹாரிஸ் ஊனமுற்ற தன் மகனை வீட்டில் பராமரித்தவர். இல்லினாய் மாநிலம் அதற்கு ஊதியம் கொடுத்தது. இப்படி வீடுகளில் பராமரிப்பு வேலை செய்பவர்கள் முழுமையான அரசு ஊழியர்கள் அல்ல, ஆகவே அவர்களிடம் பங்குத்தொகை வாங்க முடியாது என்றது நீதிமன்றம். ஜானஸுக்குக் கதவு திறந்தது அங்கேதான். வீட்டுக்குள் நடக்கும் பெண்ணின் வேலை அரைகுறை வேலை என்ற பழைய எண்ணம் ஒரு பெரிய சட்ட மாற்றத்துக்குப் படியானது.

அரைகுறை ஊழியர் என்றால் நமக்கு அயலான கருத்தல்ல. நூம்பலின் அங்கன்வாடிக்குத் திரும்புகிறேன். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். பிள்ளைகளுக்குச் சோறு, எடை பார்ப்பது, கர்ப்பிணிகளின் பதிவேடு, கூப்பிட்டால் தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை. அனைத்தையும் செய்பவருக்கு மத்திய அரசின் மொழியில் கிடைப்பது ஊதியம் அல்ல, மதிப்பூதியம். 2006 டிசம்பரில், கர்நாடகத்தைச் சேர்ந்த அமீர்பீ வழக்கில், அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று உச்சநீதிமன்றம் சொன்னது. 2013இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வூதியமும் தரப் பரிந்துரைத்தது, பரிந்துரையாகவே இருக்கிறது. 2022 ஏப்ரலில்தான் அதே உச்சநீதிமன்றம், குஜராத் அங்கன்வாடிப் பெண்கள் தொடுத்த வழக்கில், பணிக்கொடைக்கு இவர்களுக்கு உரிமை உண்டு என்றது. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற ஒன்றாவது உண்டு. அதுவும் சத்துணவு, அங்கன்வாடிச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் சாலையில் உட்கார்ந்து பெற்றது. அரசு தன்னை ஊழியர் என்று ஏற்காதபோதே சந்தா கட்டிச் சங்கம் வைத்த பெண்கள் இவர்கள். இவர்களைப் பார்த்துக் 'கட்டாய உறுப்பினர்' என்ற சொல்லைச் சொன்னால் சிரிப்பார்கள்.

தூய்மைப் பணியாளருக்கு அந்த அரைகுறை நிலையும் நிலையானதல்ல. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணி தனியாருக்குப் போனபோது ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். நடைபாதையை விடுவிக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 13ஆம் தேதி இரவே கைது. ஆவடியிலோ நிரந்தர வேலை, பழைய சங்கங்கள், எல்லாம் உண்டு. ஆனால் 2021இல் படைக்கலத் தொழிற்சாலைகளை அரசு கம்பெனிகளாக மாற்றத் தீர்மானித்து, சங்கங்கள் வேலைநிறுத்தம் என்றதும், ஜூன் 30இல் அவசரச் சட்டம் வந்தது: வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு வரை சிறை, தூண்டினால் இரண்டாண்டு. அக்டோபர் 1இல் டாங்கித் தொழிற்சாலையும் சீருடை தைக்கும் தொழிற்சாலையும் வெவ்வேறு கம்பெனிகளின் கீழ்ப் போயின.

அப்படியானால் இந்தியாவில் 'கட்டாயம்' என்ற சொல்லைத் தொழிற்சங்கச் சட்டத்தில் யாருமே நல்ல பொருளில் பயன்படுத்தவில்லையா? ஒருவர் பயன்படுத்தினார். வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையைக் கவனித்த அம்பேத்கர், கட்டாயத்தை முதலாளியின் பக்கம் திருப்பினார். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அப்போது ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது. ஆனால் அதோடு பேசியாக வேண்டும் என்று முதலாளிக்கு எந்தக் கடமையும் இருக்கவில்லை. தகுதியுள்ள சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே தீரவேண்டும் என்ற திருத்தத்தை அவர் முன்வைத்தார். 1947இல் அது சட்டமாகவும் ஆனது. நடைமுறைக்கு மட்டும் கொண்டுவரப்படவே இல்லை.

சங்கத்தில் சேராமல் இருக்கும் உரிமை அவசியமா என்று கேட்டால், அவசியம் என்பேன். அதற்கு என் காரணம் ஜானஸ் அல்ல, புளியந்தோப்பு. 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூரில் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தை இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெருமையோடு சொல்கிறோம்; செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, வாடியா, திரு.வி.க. என்று பெயர்களை அடுக்குகிறோம். 1921இல் பக்கிங்காம்-கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் சேரவில்லை. சாதி இந்துக்கள் நடத்திய சங்கத்தில் அவர்களுக்கு என்ன இடம் இருந்தது? பட்டினி கிடக்கும் சக்தி இருசாராருக்கும் ஒன்றா? இவற்றைக் கேட்டுப் பதில் சொல்வதற்குப் பதிலாகக் கருங்காலி என்ற சொல் வந்தது. புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன. நீதிக்கட்சித் தலைவர்கள் சிலர், அரசு ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்ததுதான் காரணம் என்றார்கள். எம்.சி. ராஜா அதை மறுத்தார். பிறகு அந்தக் கட்சியிலிருந்தே விலகினார். குடிசை எரிந்த இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்களும் அந்தச் சங்க வரலாற்றில் வரவேண்டியவர்கள்தான். சங்கத்துக்கு வெளியே நிற்பவர் எல்லோரும் ஓசியில் பயன்பெறுகிறவர் அல்ல. சிலர் உள்ளே இடம் கிடைக்காதவர்.

நம் சட்டமும் பின்னாளில் இதை ஓரளவு ஏற்றது. தொழில் தகராறுச் சட்டத்தில் 1982ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த அட்டவணை, சங்கத்தில் சேரவிடாமல் மிரட்டும் முதலாளியையும் சேரச் சொல்லி மிரட்டும் சங்கத்தையும் ஒரே பட்டியலில் வைத்தது. மத்திய அரசு ஊழியர் சங்கங்களுக்கான 1993ஆம் ஆண்டு விதிகளில், அங்கீகாரம் வேண்டுமானால் 35 சதவீத உறுப்பினர் வேண்டும். ஊழியர் எழுதிக் கொடுத்தால்தான் சம்பளத்தில் சந்தா பிடிக்கலாம். ஏட்டளவில் நல்ல ஏற்பாடு. நடைமுறையில் அந்தப் படிவம் ஒரு பெண் ஊழியரின் மேசைக்கு எப்படி வருகிறது என்பது அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். செக்ஷனில் மூத்தவர் நீட்டுவார், "இங்க போடும்மா" என்பார். போடுவோம். மாறுதல் வேண்டும்போது சங்கத்துக்காரர் உதவுவார் என்ற எண்ணமும் உள்ளே இருக்கும். இது சட்டம் போட்ட கட்டாயம் அல்ல. சுயவிருப்பம் என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. பிறகு கூட்டம் மாலை ஆறரை மணிக்கு நடக்கும். ஆறரை மணிக்கு யாரால் வரமுடியும் என்று நோட்டீஸ் அடிப்பவர் யோசிப்பதில்லை. சந்தாப் பட்டியலில் பாதிக்கு மேல் பெண் பெயர், மேடையில் ஒரு நாற்காலி, அதுவும் வரவேற்புரைக்கு: இதைப் பார்க்காத சங்கப் பெண் யாராவது இருந்தால் எழுதச் சொல்லுங்கள்.

நான் கட்டாயச் சந்தாவை ஆதரிக்கவில்லை. ஆனால் கட்டாயச் சந்தாவை எதிர்ப்பவர்கள் அதே மூச்சில் கட்டாய மன்னிப்புக் கடிதத்தை எதிர்ப்பதை நான் பார்த்ததும் இல்லை. பேசாமல் இருக்கும் உரிமைக்காக வாதாடுபவர்கள் 22ஆம் விதியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் இந்தக் கணக்கை மீண்டும் மாற்றியிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு உள்ள சங்கமே தனியாகப் பேசும். அப்படி எதுவும் இல்லையென்றால், தலா 20 சதவீத ஆதரவாவது உள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு அமைக்க வேண்டும். பாதிப் பேர் ஒரே நாளில் விடுப்பு எடுத்தாலும் வேலைநிறுத்தம்தான். அங்கன்வாடிப் பணியாளர் தொழிலாளரா என்பதை இந்தச் சட்டமும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. தொழிலாளர்களில் பெண்கள் எத்தனை பங்கோ அதற்குக் குறையாமல் குறைதீர்ப்புக் குழுவில் பெண்கள் இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறது. பேச்சுவார்த்தைக் குழுவுக்கு அப்படி எதையும் எழுதவில்லை.